'கோ' எப்படி 'வென்ட்' ஆயிற்று?
ஆங்கில வினைச்சொல்லின் வரலாறும் நம் பிள்ளைகளின் பயிற்சியும்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். கல்வியின் பெருமையைப் பற்றி எழுத அறிஞர் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு சின்ன விஷயத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் அந்தச் சின்ன விஷயத்தில் இடறி விழுந்து, 'நமக்கு இங்கிலீஷ் வராது' என்று படிப்பையே விட்டுவிட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே பொறுமையோடு படியுங்கள்.

1966 ஆம் ஆண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்துவிட்டு, பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் 'ரிமூவ்' வகுப்புக்குப் போனேன். முதல் வாரமே ஆசிரியர் எழுப்பி நிறுத்தி, "நேற்று என்ன செய்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நானும் தைரியமாக, "யெஸ்டர்டே ஐ கோ டு ரிவர்" என்றேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். 'கோ இல்லை, வென்ட்' என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. 'வாக்' என்றால் 'வாக்ட்', 'ஜம்ப்' என்றால் 'ஜம்ப்ட்' என்று சொல்லிக் கொடுத்தவர்கள், 'கோ' மட்டும் 'வென்ட்' ஆகும் என்றால் என்ன நியாயம்? எங்கேயிருந்து வந்தது இந்த 'வென்ட்'?

அன்று அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது? பல ஆண்டுகள் கழித்து, நானும் ஆசிரியரான பிறகுதான் விடை கிடைத்தது. அந்த விடையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பழைய வழக்கமும் புதிய வழக்கமும்

இங்கிலாந்துக்காரர்கள் இன்று பேசும் மொழி அந்தத் தீவில் பிறந்த மொழி அல்ல. ஐந்தாம் நூற்றாண்டில், இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் பகுதிகளிலிருந்து ஆங்கிலர், சாக்சன், ஜூட் என்னும் கூட்டத்தார் கடல் கடந்து வந்தார்கள். பிழைக்க வந்த இடத்தில் அவர்கள் பேசிய மொழியே பிற்காலத்தில் ஆங்கிலம் ஆயிற்று. கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இது புதிய கதை அல்லவே!

அந்தப் பழைய மொழியில் இறந்த காலத்தைக் காட்ட இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சொல்லின் உள்ளேயிருக்கும் உயிரொலியை மாற்றுவது. 'சிங் – சேங் – சங்', 'டிரிங்க் – டிரேங்க் – டிரங்க்' என்பவை அந்த வழியைச் சேர்ந்தவை. மற்றொன்று, சொல்லின் கடைசியில் ஓர் ஒட்டைச் சேர்ப்பது. 'வாக்ட்', 'ஜம்ப்ட்' என்று இன்று நாம் சேர்க்கிறோமே, அதுதான். 'செய்தான்' என்று பொருள்படும் 'டிட்' என்ற சொல் தேய்ந்து தேய்ந்து இந்த ஒட்டாகியிருக்க வேண்டும் என்பது மொழி அறிஞர் பலரின் கருத்து.

முதல் வழி பழையது, இரண்டாவது வழி சுலபமானது. சுலபமானது மெல்ல மெல்லப் பழையதை விழுங்க ஆரம்பித்தது. 'ஹெல்ப்' என்ற சொல்லுக்கு இன்று 'ஹெல்ப்ட்' என்கிறோம். ஒரு காலத்தில் அதற்கு 'ஹோல்ப்', 'ஹோல்பன்' என்ற வடிவங்களே வழங்கின. 1611 இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில்கூட 'ஹோல்பன்' இருக்கிறது. இன்று ஒரு பிள்ளை பரீட்சையில் 'ஹோல்ப்' என்று எழுதினால் சிவப்பு மைக்கோடுதான் கிடைக்கும்!

2007 ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு கணக்கெடுத்தார்கள். பழைய ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காமல் இருந்த 177 வினைச்சொற்களை எடுத்துக்கொண்டு, 1,200 ஆண்டுகளில் அவை என்ன ஆயின என்று பார்த்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றுள் 145 பழையபடி இருந்தன. இன்று 98 மட்டுமே மிச்சம். மற்றவையெல்லாம் சுலப வழிக்கு மாறிவிட்டன.

அந்த 98 மட்டும் ஏன் மாறவில்லை? அவற்றுள் பல அன்றாடம் வாயில் புழங்குகிற சொற்கள். போனேன், வந்தேன், சொன்னேன், பார்த்தேன், எடுத்தேன், கொடுத்தேன் என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! தினமும் சொல்கிற சொல்லைத் தாய் வாயிலிருந்து பிள்ளை அப்படியே பிடித்துக்கொள்ளும். எப்போதோ ஒரு தரம் சொல்கிற சொல்லை மறந்துவிடும். மறந்தால் கையில் இருக்கிற சுலபமான ஒட்டைச் சேர்த்துச் சொல்லும். அந்த ஆய்வின் முடிவும் இதுதான். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் பத்து வினைச்சொற்களும் விதிக்கு அடங்காதவையே என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புழங்கினால் நிற்கும், புழங்காவிட்டால் போய்விடும். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிவில் மறுபடியும் இதற்கே வருவேன்.

இரவல் வந்த சொற்கள்

இனி என் 'வென்ட்' கதைக்கு வருகிறேன். பழைய ஆங்கிலத்தில் 'கோ' என்பதற்கு இறந்த காலமாக வேறொரு சொல் இருந்தது. அது வழக்கிழந்து போயிற்று. அப்போது, 'திரும்பிச் செல்' என்ற பொருளில் 'வெண்ட்' என்று இன்னொரு வினைச்சொல் இருந்தது. அதன் இறந்த காலம்தான் 'வென்ட்'. பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்குவதுபோல, 'கோ' அந்த 'வென்ட்'டை வாங்கிக்கொண்டது. வாங்கியதைத் திருப்பித் தரவே இல்லை! ரிமூவ் வகுப்பில் என்னை அழவைத்தது இந்த இரவல் சொல்தான்.

'ஆம், இஸ்', 'வாஸ்', 'பீ' என்று ஒரே சொல்லுக்கு இத்தனை முகம் இருக்கிறதே, அதுவும் இப்படித்தான். வெவ்வேறு வேர்ச்சொற்கள் ஒரு குடும்பமாகச் சேர்ந்துகொண்டன. 'டேக் – டுக்' என்ற சொல் ஆங்கிலர் கொண்டுவந்ததே அல்ல. எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கொள்ளையடிக்க வந்து, பிறகு அங்கேயே குடியேறிய வைக்கிங் மக்கள் கொண்டுவந்தது.

1066 இல் பிரெஞ்சு பேசும் நார்மன் அரசன் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தான். அதன்பின் நிர்வாகத்திலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுச் சொற்கள் புகுந்தன. 'பே – பேமெண்ட்', 'அக்ரீ – அக்ரிமெண்ட்', 'கவர்ன் – கவர்ன்மெண்ட்' எல்லாம் அந்த வழியில் வந்தவை. தோட்டத்தில் நாம் தினமும் பேசுகிற சொற்கள்தானே இவை? 'அக்ரிமெண்ட்' என்ற சொல்லைத் தெரியாத பாட்டாளி உண்டா? 'மெண்ட்' என்ற வாலைச் சேர்த்தால் வினைச்சொல் பெயர்ச்சொல் ஆகிவிடும் என்று தெரிந்துகொண்டால், ஒரு சொல்லைப் படித்த பிள்ளை இரண்டு சொல் படித்ததாகிறது. 'ஸ்ட்ராங் – ஸ்ட்ரெங்த்', 'லாங் – லெங்த்' என்பவை வேறு வகை. அவை ஆங்கிலர் தாமே கொண்டுவந்த பழைய முறை.

தமிழில் மட்டும் இது இல்லையா? 'உழை – உழைப்பு – உழைப்பாளி', 'கேள் – கேள்வி', 'கல் – கல்வி' என்று நாமும் சொல்லிலிருந்து சொல்லை எடுக்கிறோம். 'எடு' என்றால் 'எடுத்தேன்'. ஆனால் 'நடு' என்றால் 'நடுத்தேன்' இல்லை, 'நட்டேன்'. 'வா' என்பது 'வந்தேன்' ஆகிறது, 'போ' என்பது 'போனேன்' ஆகிறது. இதையெல்லாம் நமக்கு யார் பாடம் நடத்தினார்கள்? அம்மா பேசினாள், நாமும் பேசினோம், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரப் பிள்ளையும் தப்பு செய்யும்

'அது அவங்க மொழி சார், அவங்களுக்குத் தானா வரும், நமக்கு எப்படி வரும்?' என்று சில பெற்றோர் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் உண்மை வேறு. ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த மூன்று நான்கு வயதுப் பிள்ளையும் 'கோட்', 'ஈட்டட்' என்று தப்பாகத்தான் சொல்லும். 1958 இல் அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்ற அம்மையார், அகராதியிலேயே இல்லாத பொய்ச் சொற்களைப் படத்தோடு காட்டிச் சின்னப் பிள்ளைகளைச் சோதித்தார். அந்தப் பொய்ச் சொற்களுக்கும் பிள்ளைகள் விதிப்படி ஒட்டுச் சேர்த்துச் சொன்னார்கள். தப்பாகப் பேசுகிற பிள்ளை முட்டாள் அல்ல. விதியைப் பிடித்துக்கொண்டதால்தான் அப்படிப் பேசுகிறது. விதிவிலக்கு இன்னும் காதில் போதுமான தடவை விழவில்லை, அவ்வளவே.

லிண்ட்லி மரி என்பவர் 1795 இல் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூல் பல பதிப்புகள் கண்டது. அதை அவர் யாருக்காக எழுதினார் தெரியுமா? இங்கிலாந்தில் யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றுக்காக. எங்கள் காலத்துப் பிள்ளைகள் கையில் வைத்திருந்த 'ஃபர்ஸ்ட் எய்ட் இன் இங்கிலீஷ்' என்ற புத்தகம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆங்கஸ் மெக்கைவர் என்பவர் எழுதி 1938 இல் கிளாஸ்கோவில் வெளிவந்தது அது. வினைச்சொல் பட்டியல், ஆண்பால் பெண்பால், எதிர்ச்சொல் எல்லாம் அதில் உண்டு. அது மலாயாப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டதல்ல. ஸ்காட்லாந்துப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது! அவர்களுக்கே பட்டியலும் பயிற்சியும் வேண்டியிருந்தது என்றால், நம் பிள்ளைக்கு வேண்டியிருப்பதில் வெட்கம் என்ன?

நம் நாட்டில் நடந்த கதை

நம் நாட்டிலே ஆங்கிலக் கல்வி 1816 இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலோடு தொடங்கியது. ஆனால் ஆங்கிலப் பள்ளிகள் பட்டணத்தில் இருந்தன. நம்மவர்கள் இருந்ததோ தோட்டத்தில். 1923 இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேராவது இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்படி வந்த பல பள்ளிகளில் தமிழும் கணக்கும் கிடைத்தன. ஆங்கிலம் எட்டாத உயரத்தில்தான் இருந்தது.

1956 இல் ரசாக் கல்வி அறிக்கை வந்தது. மலாயும் ஆங்கிலமும் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடம் ஆயின. 1965 முதல், நுழைவுத் தேர்வில் தேறினால்தான் இடைநிலைப் பள்ளி என்ற தடை நீங்கியது. அதனால்தான் என்னைப் போன்ற தோட்டத்துப் பையன்கள் ரிமூவ் வகுப்புக்குள் நுழைய முடிந்தது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய் மொழிக்கு மாறின. 2003 இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு வந்தன. 2009 இல் அதைக் கைவிடுவதென முடிவாகி, 2012 முதல் படிப்படியாகப் பழைய மொழிகளுக்கே திரும்பின. கொள்கை வந்தது, போனது. ஆனால் 'கோ – வென்ட் – கான்' மட்டும் மாறவில்லை. எந்தக் கொள்கை வந்தாலும் அதைப் பிள்ளைதான் படிக்க வேண்டும்.

நம் பிள்ளைக்கு இன்னொரு சிரமமும் உண்டு. ஒரே தலைக்குள் மூன்று மொழிகள். தமிழில் 'போகிறேன், போனேன், போவேன்' என்று காலம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மலாயில் 'செமாலாம் சாயா பெர்கி', 'எசோக் சாயா பெர்கி'. நேற்றும் நாளையும் மாறுகின்றன, 'பெர்கி' மாறுவதில்லை. அந்தப் பழக்கத்தில் பிள்ளை 'யெஸ்டர்டே ஐ கோ' என்றால் அது மூளைக்குறைவா? இல்லவே இல்லை. ஒரு மொழியின் சட்டையை இன்னொரு மொழிக்குப் போட்டுவிட்டது, அவ்வளவுதான். "நீ தமிழில் 'நேற்று ஆற்றுக்குப் போகிறேன்' என்று சொல்வாயா?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையே சிரித்துக்கொண்டு திருத்திக்கொள்ளும். தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்குக் காலம் என்றால் என்ன என்று ஏற்கெனவே தெரியும். தாய்மொழி இங்கே தடையல்ல, துணை.

பயிற்சி வந்த வழி

பயிற்சி முறைக்கும் வரலாறு உண்டு. ஹெரால்ட் பாமர் என்ற ஆங்கிலேயர் 1916 இல் நூறு மாற்றுச் சொல் அட்டவணைகள் கொண்ட ஒரு புத்தகம் வெளியிட்டார். விஷயம் மிக எளிது. முதல் கட்டத்தில் 'ஐ, ஹீ, ஷி, வீ'. இரண்டாவது கட்டத்தில் 'வென்ட், ரேன், வாக்ட்'. மூன்றாவது கட்டத்தில் பள்ளி, ஆறு, கடை, கோயில், பட்டணம் என்று ஐந்து இடங்கள். நாலு மூணு பன்னிரண்டு, பன்னிரண்டு அஞ்சு அறுபது. ஒரு சின்னத் தாளில் அறுபது வாக்கியங்கள்!

பாமர் 1922 இல் ஜப்பானுக்குப் போனார். அங்கே அவரோடு சேர்ந்து உழைத்த ஹார்ன்பி என்பவர், வேற்று மொழிக்காரர் ஆங்கிலம் படிப்பதற்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். அது 1942 இல் தோக்கியோவிலும், 1948 இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாகவும் வந்தது. ஒரு வினைச்சொல் எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்பதையும் அது காட்டியது. 1950களின் கடைசியில் தமிழ்நாட்டிலும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு இப்படி வாக்கிய அமைப்புகளை வைத்து ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி கொடுக்கும் பெரிய இயக்கம் நடந்தது. 27,000 ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது அதன் குறி. சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மற்றவர்களுக்குக் கொடுக்க, அது பனிப்பந்து உருள உருளப் பெருப்பதுபோல் பெருகும் என்பதால் 'மெட்ராஸ் பனிப்பந்து' என்றே அதற்குப் பெயர்.

அப்பா கேட்ட பாடம்

இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. வகுப்பில் சிரிப்பு வாங்கிக்கொண்டு லயத்துக்கு வந்தவன், இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா பால்மரம் சீவுகிறவர். அவருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டே, "அந்தப் பட்டியல வாசி" என்றார். பழைய புத்தகத்தை எடுத்து வாசித்தேன். 'கோ – வென்ட் – கான், கம் – கேம் – கம்' என்று போய்க்கொண்டிருந்தவன் ஓரிடத்தில் தடுமாறினேன்.

"அங்க தப்பு. மறுபடி சொல்லு" என்றார்.

"உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதேப்பா?"

"இங்கிலீஷ் தெரியாது. நீ தடுமாறுறது தெரியும்."

அன்றிலிருந்து தினமும் அதே திண்ணை, அதே உளி, பத்துச் சொல். பத்துக்கு மேல் அவர் கேட்கமாட்டார். "ஒரே நாள்ல ஆழமா வெட்டினா மரம் காஞ்சிடும்டா. மெல்லிசா சீவணும், நாள் தவறாம வரணும்" என்பார். அந்த ஆண்டு முடிவதற்குள் என் வாயில் 'வென்ட்' தானாக வந்தது. மற்றப் பையன்களைவிட எனக்கு மூளை அதிகம் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. கேட்க ஓர் ஆள் இருந்தார், அதுதான் வித்தியாசம்.

பெற்றோர்களே, ஆங்கிலம் தெரியாது என்று நீங்கள் ஒதுங்கிவிடாதீர்கள். வேலை முடிந்து வந்ததும் கால்மணி நேரம் பிள்ளையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அகர வரிசையில் வேண்டாம், ஓசை ஒத்த சொற்களைக் கூட்டமாகச் சொல்லட்டும். 'சிங், ரிங், டிரிங்க்' ஒரு கூட்டம். 'கீப் – கெப்ட், ஸ்லீப் – ஸ்லெப்ட், ஸ்வீப் – ஸ்வெப்ட்' ஒரு கூட்டம். மாறவே மாறாத 'கட், புட், ஷட்' ஒரு கூட்டம். பிறகு ஒவ்வொரு சொல்லையும் அன்றைக்கு வீட்டில் நடந்த ஒரு காரியத்தோடு சேர்த்து வாக்கியமாகச் சொல்லட்டும். 'டீச்' என்று படித்தால் 'டாட், டீச்சர், டீச்சிங்' என்று அதன் குடும்பத்தையும் கூப்பிடட்டும். தடுமாறினால் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். சிரிக்க மட்டும் சிரிக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிறவர்களுக்கு என் வாழ்த்து. வாங்காதவர்களுக்கும் என் வாழ்த்து. ஆயிரம் ஆண்டுக் கணக்கைச் சொன்னேன் அல்லவா? தினமும் நாவில் புழங்கிய சொல் நின்றது, புழங்காத சொல் போயிற்று. ஆங்கிலத்துக்கும் அதுதான், நம் தமிழுக்கும் அதுதான். இரண்டையும் புழங்குங்கள். நாளைக்கு யாராவது 'யெஸ்டர்டே ஐ கோ' என்று சொன்னால், நீங்கள் சிரிக்காதீர்கள். 'வென்ட்' எங்கேயிருந்து வந்தது என்ற கதையை அவனுக்குச் சொல்லுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!